சுவிட்சில் தொங்கிய துண்டு

பிப்ரவரி 20

அண்ணா,

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அப்பாவின் துண்டு உன் தோளில் இருந்தது.

கான்கிரீட் கலக்கும் நம் மிஷினைப் போட்டது யார் என்று சைட் இன்ஜினியர் கேட்டபோது நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "சித்தாள்தான் சார். யாரையும் கேக்காம போட்டுட்டா" என்று சொன்னாய். அவள் உன் பின்னால்தான் நின்றாள். வேலைக்கு வரும்போது மேலே மாட்டிக்கொள்ளும் ஆண்பிள்ளைச் சட்டை அன்று அவள் மேல் இல்லை. அதைக் கழற்றித்தான் அப்பாவின் கையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இன்ஜினியர் திரும்பி அவளைப் பார்த்தார். "ஆமா சார். நான்தான் போட்டேன்" என்றாள். அதோடு விசாரணை முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

நான் உன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கட்டம் போட்ட துண்டு, ஓரத்தில் பழைய இன்ஜினின் சைலன்சர் சுட்ட ஓட்டை. நான் பார்ப்பதை நீ பார்த்தாய். துண்டை உருவிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாய்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். எழுத்தில் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. டீசல் இன்ஜின் இருந்த காலத்தில், டிரம்முக்குள் ஒட்டி இறுகிய சிமெண்டை உளியால் உடைக்க அப்பா உள்ளே தலையை விடுவதற்கு முன், இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியை உருவி இடுப்பில் செருகிக்கொள்வார். அது அவரிடம் இருக்கும்வரை யாராலும் மிஷினைக் கிளப்ப முடியாது. நீ கரண்டு மோட்டார் மாட்டினாய். உருவிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்ததுதான் துண்டு. கம்பத்தில் இருக்கும் சுவிட்சுப் பெட்டி மேல் அப்பாவின் துண்டு தொங்கினால் அவர் டிரம்முக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கம்பத்தருகே நின்றால் டிரம்மின் வாய் தெரியாது. துண்டு மட்டும்தான் தெரியும். மிஷினைப் போடுகிறவர் துண்டைப் பார்க்க வேண்டும். சைட்டுக்குப் புதிதாக வரும் ஆளுக்கு அப்பா சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

பெட்டி மேல் தொங்க வேண்டிய துண்டு உன் தோளுக்கு எப்படி வந்தது?

போனிலேயே கேட்டிருப்பேன். போன் செய்தால் "மிஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிடுகிறாய். மிஷின் ஓடாதபோதும் அதையேதான் சொல்கிறாய். பின்னால் காக்கை கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

லைப்ரரி வேலை பரவாயில்லை. விடுதி அறையில் ஜன்னல் இருக்கிறது. அப்பாவின் கையில் தையல் பிரித்தாயிற்றா?

பூச்சி


மார்ச் 2

பூச்சிக்கு,

லெட்டர் கிடைச்சுது. சைட் விலாசத்துக்குப் போட்டிருந்தியா, அது மேஸ்திரி கையில மாட்டிருச்சு. எல்லார் முன்னாடியும் மோந்து பாத்துட்டு, "பொண்ணு கையெழுத்துடா, கல்யாணச் சாப்பாடு எப்போ போடப் போற"ன்னு கேட்டாரு. தங்கச்சின்னு சொன்னேன். "தங்கச்சி லெட்டர் போடுற அளவுக்கு என்னடா பண்ணுன"ன்னாரு. விளையாட்டுக்குத்தான் கேட்டாரு. இனிமே வீட்டுக்குப் போடு.

துண்டு விஷயம். வேலை செய்யுறவன் எவன் தோள்ல துண்டு இல்ல? அப்பா கை தொங்கிக்கிட்டு இருக்கு, நான் தூக்கிக்கிட்டு ஓடி வர்றேன், நீ அங்க நின்னு துண்டுல ஓட்டை தேடியிருக்க. படிச்ச புள்ளைக்குத்தான் அந்த நேரத்துல அந்தக் கண்ணு வரும்.

அது கீழ கெடந்துச்சு. ஓடும்போது எடுத்துத் தோள்ல போட்டேன். போதுமா?

அந்தம்மா தன் வாயாலயே சொல்லுச்சு, நான்தான் போட்டேன்னு. நான் ஒண்ணும் சொல்லிக்குடுத்துச் சொல்ல வெக்கல. நீயும் கேட்டுட்டுத்தான் நின்ன.

தையல் பிரிச்சாச்சு. முழங்கைக்குக் கீழ இல்லாததை அப்பா இன்னும் தூக்கித் தூக்கிப் பாக்குறாரு. சோத்துத் தட்டை இடது பக்கம் வெச்சாலும் உடம்பு வலது பக்கம்தான் சாயுது. இதையெல்லாம் பாக்க உனக்கு அங்க ஜன்னல் இருக்கா?

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

கீழே கிடந்தது என்கிறாய்.

மிஷினைச் சுற்றித் தரை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, பலகை மேல் பலகையாகக் கால் வைத்துத்தான் நான் வருவேன். சிமெண்ட் பாலும் மணலும் கலந்த சேறு. அதில் ஒரு துணி விழுந்தால் காய்வதற்கு முன்பே அட்டை மாதிரி விறைத்துவிடும். உன் தோளில் இருந்த துண்டு மெத்தென்று மடிந்து கிடந்தது. சேறும் இல்லை, ரத்தமும் இல்லை. வேர்வையில் மட்டும் நனைந்திருந்தது.

இன்னொன்றும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்தவுடன் கை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "துண்டு எங்க?" என்றுதான் கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ. "வீட்ல இருக்குப்பா" என்று சொன்னாய். சைட்டில் இருக்க வேண்டிய துண்டு வீட்டுக்கு எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. உன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் "சரி"யை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் "சரி" சொல்லிப் படித்திருக்கிறேன். இவ்வளவு கனமான ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

நான் கோர்ட்டு இல்லை. உன்னைப் பிடித்துக் கொடுக்கப் போவதும் இல்லை. சித்தாளை எந்த சைட்டிலும் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஆளை உள்ளே வைத்து மிஷினைப் போட்டவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய்விடுகிறதாம். அது உன்னால் ஆன பெயர். அதை எடுக்கவும் உன்னால்தான் முடியும்.

அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறாயா? அவர் கேட்க மாட்டார்.

தங்கை


மார்ச் 21

பூச்சிக்கு,

இந்தத் தடவை தங்கைன்னு கையெழுத்துப் போட்டிருக்க. பூச்சின்னு போட மனசு வரல போல. நான் பூச்சின்னுதான் கூப்பிடுவேன். புத்தகத்துக்குள்ளயே குடியிருக்குற பூச்சின்னு உனக்கு அந்தப் பேரை வெச்சதே நான்தான்.

பட்டன் போட்டுவிடுறேனான்னு கேட்டிருந்த. போட்டுவிடுறேன். குளிக்க ஊத்துறேன், முதுகு தேய்க்கிறேன், முகம் வழிச்சுவிடுறேன். மொதல்ல கன்னத்துல வெட்டிட்டேன். "கான்கிரீட்டு மட்டம் பண்ற கையாச்சே, கன்னத்தையும் அப்படியேதான் வழிப்ப"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவர் அழுதாரு. நான் எந்திரிச்சு வாளியைக் கழுவப் போயிட்டேன். நீ கடுதாசி எழுதுற. நான் இதெல்லாம் செய்யுறேன். எது சுலபம்னு நீயே சொல்லு.

அப்பா கை போன மாசமே நீ பெட்டி கட்டிட்ட. லைப்ரரி உனக்காகக் காத்திருக்காதுன்ன. அப்பா காத்திருப்பாரு, பரவாயில்ல.

துண்டைப் பத்தி அப்பா கிட்ட நான் பேசினேன். பேசலன்னு நினைக்காத. ஆஸ்பத்திரியிலேந்து வந்த வாரம். "அப்பா, அது வந்து"ன்னு ஆரம்பிச்சேன். நிறுத்திட்டாரு. "விடுடா. அந்தச் சித்தாளு போயிட்டா. நீ இங்க இருக்கணும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசுறது? அவர் கை. அவரே விடுன்னா, பிடிச்சுக்க நீ யாரு?

இன்ஜினியர் அடுத்த கட்டடத்துக்கும் நம்ம மிஷினைத்தான் வரச் சொல்லியிருக்காரு. நான்தான் அசட்டையா இருந்தேன்னு தெரிஞ்சா சைட்டுக்குள்ள விடமாட்டாரு. மிஷின் நின்னா வீடும் நின்னு போயிரும். இதுவும் புத்தகத்துல இருக்கும், தேடிப் பாரு.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். "நீ யாரு" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கோபமாக ஒன்று எழுதினேன், பரிதாபமாக ஒன்று எழுதினேன். இரண்டையும் இப்போது எழுதப் போவதில்லை. வேறொன்று நடந்துவிட்டது.

சித்தாளக்கா என்னைத் தேடி வந்தாள்.

அவள் மகள் இந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாளாம். வேலை கிடைக்காமல் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மருமகன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுகிறானாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். லைப்ரரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். இவ்வளவு புத்தகம் இருக்கும் இடத்தில் தன் காலில் மண் இருக்குமோ என்று வரவில்லை. வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அவளுக்கு என் மேலும் கோபமில்லை, உன் மேலும் கோபமில்லை. நான் பயந்தது அதற்குத்தான். அப்பாவின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். நீ இளைத்துவிட்டாயா என்று கேட்டாள். பிறகு கேட்டாள்:

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்குப் பெட்டி மேல துண்டு இருந்துச்சா, இல்லியா? உங்க வீட்ல பேசியிருப்பாங்களே."

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"தம்பி 'போடுக்கா'ன்னு கத்துனாரு. நான் பெட்டியைப் பாத்தேன். துண்டு இல்ல. போட்டேன். இல்லேன்னுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா அப்பா உள்ள இருந்தாரே. அவரு துண்டு போடாம உள்ள போறவரே இல்லியே. அப்ப துண்டு இருந்திருக்கணும். நான்தான் பாக்காம போட்டிருக்கணும். எப்படிச் சுத்திப் பாத்தாலும் அங்கதான் வந்து நிக்குது."

தம்பி சொல்லித்தான் போட்டேன் என்று ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். துண்டைப் பார்க்க வேண்டியது சுவிட்சில் கை வைக்கிறவள் வேலை, சொன்னவர் மேல் அதை ஏற்ற முடியாது என்றாள். அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அண்ணா, அவள் இப்போது எப்படி இருக்கிறாள் தெரியுமா? அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி உள்ளங்கையை மேலே நீட்டிப் பார்க்கிறாள். கதவைச் சாத்துவதற்கு முன் சந்தில் பேரப்பிள்ளையின் விரல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறாள். "கண்ணால பாத்தா எனக்குப் போதமாட்டேங்குது பாப்பா" என்றாள். நீ அவளிடமிருந்து வேலையை மட்டும் எடுக்கவில்லை.

நானே சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் நான் சைட்டில் இல்லை. நான் பார்த்தது தோளை மட்டும்தான். கீழே கிடந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். காற்றில் விழுந்திருந்தால்? அவளுக்கு இன்னொரு சந்தேகத்தைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. பார்த்தவன் நீ.

அவள் வேலை கேட்கவில்லை. நியாயம் கேட்கவில்லை. துண்டு இருந்ததா, இல்லையா? அவளுக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

மகள் வீட்டு விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 18

பூச்சி,

சரி. எழுதுறேன்.

அன்னிக்கு ஜல்லி லாரி வரல. பாதித் தளம் போட்டாச்சு, மீதிப் பாதியில வெறும் கம்பி தெரியுது. நடுவுல நின்னுட்டா பழசும் புதுசும் ஒட்டாது, நாளைக்கு அந்தக் கோட்டுலதான் மழைத்தண்ணி இறங்கும். இன்ஜினியர் போன்ல கத்துறாரு. மிஷின் சும்மா நின்னா அப்பாவுக்குப் பொறுக்காதே, உளியை எடுத்துக்கிட்டு டிரம்முக்குப் போயிருக்காரு. நான் பாக்கல. கம்பத்துக்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தேன். வேர்வை கண்ணுல இறங்கி எரியுது. கைக்கு எட்டுற இடத்துல துண்டு இருந்துச்சு. எடுத்துத் துடைச்சேன். போன் காதுல இருக்கு. துடைச்ச துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டேன். அது யாரு துண்டு, எங்க தொங்குச்சு, ஒண்ணும் மண்டையில ஏறல. லாரி வந்துருச்சு. "போடுக்கா"ன்னேன்.

அது என் தோள்ல இருக்குறதே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில நீ என் தோளைப் பாத்தியே, அப்பத்தான் நானும் பாத்தேன். அதுக்கு முன்னாடியே இன்ஜினியர் கிட்டச் சொல்லி முடிச்சிருந்தேன். அந்தம்மாவும் ஆமான்னு சொல்லிருச்சு.

கதவுச் சந்துல தடவுறதைப் பத்தி எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு அன்னிக்கு நான் சாப்பிடல.

ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்தம்மா கிட்ட நேர்ல சொல்லிடுறேன். நீ கூட இருக்க வேண்டாம். நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்கு வாய் வராது. சொல்லிட்டு அப்படியே பஸ் ஏறிடுறேன்.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. நீ கேட்டபடி. நீ இந்த ஊரில், நான் இருக்கும் தெருவுக்கு நாலு தெரு தள்ளி நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு உன் மேல் பெருமையாக இருந்தது. அதை எழுதிவைக்கிறேன், உனக்குத் தெரிய வேண்டும். பூச்சி என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை சித்தாளக்கா லைப்ரரிக்கு வந்தாள். கையில் துணிப்பை, கூட மகள். பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சிரித்து நான் அவ்வளவு பார்த்ததே இல்லை.

"தம்பி வந்தாரு பாப்பா. என் பொண்ணு வீட்டு வாசல்ல, அக்கம்பக்கம் எல்லாரும் பாக்க. 'நடந்தது நடந்துருச்சுக்கா. நான் மன்னிச்சுட்டேன். அப்பாவும் மன்னிச்சுட்டாரு. வேலைக்கு வந்துடு'ன்னாரு. எந்தப் புள்ளைக்கு இந்த மனசு வரும்? அப்பா கையை எடுத்தவளைத் தேடி வந்து கூப்பிடுறாரு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகன் பஸ் ஸ்டாண்டுவரை சைக்கிளில் கொண்டுவிடுவதாகச் சொன்னானாம். அவன் மாமியாருக்காக சைக்கிளை எடுப்பது இதுதான் முதல் தடவையாம்.

துண்டைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று அவளிடம் கேட்டேன். "அதைப் பத்தி இனிமே நினைக்கவே வேண்டாம்னுட்டாரு" என்றாள்.

எனக்குத் தெரியும், இப்போது எனக்கு நிச்சயமாகவே தெரியும். உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மகள் இழுத்துக்கொண்டு போனாள். நான் சொல்லாமல் விட்டது இது மூன்றாவது தடவை.

கோழை என்றுதான் உன்னை நினைத்திருந்தேன். கோழையை எனக்கு மன்னிக்கத் தெரியும். செய்யாத தப்புக்கு ஒருத்தியை மன்னித்துவிட்டு, அவள் கும்பிட்டதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் நீ சொல். சைட்டில், எல்லார் முன்னாலும் என்று நான் கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நீ சரியாகத்தான் பார்த்தாய்" என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

தங்கை


மே 12

பூச்சிக்கு,

சொல்லத்தான் வந்தேன். நம்பினா நம்பு. தெரு முனைவரைக்கும் அதே வார்த்தையை வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். என்னைப் பாத்ததும் அந்தம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னை மன்னிச்சிருங்க தம்பி"ன்னு அழுதுச்சு. சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க. மன்னிச்சுட்டேன்னு வந்துருச்சு. நான் யோசிச்சுச் சொல்லல.

சொன்னப்புறம் பாத்தா, அதுவே நல்லதாத்தான் போச்சு. அந்தம்மாவுக்கு வேலை வந்துருச்சு. மேஸ்திரி என் முதுகுல தட்டி, "பெரிய மனசுடா உனக்கு"ன்னாரு. இன்ஜினியர் காதுக்கும் போயிருச்சு. அந்தம்மா தினமும் அப்பாவைப் பாத்துட்டுப் போகுது, வெந்நீர் வெச்சுக் குடுக்குது. அப்பாவும் இப்பல்லாம் சைட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துக்குறாரு. யாருக்கு என்ன குறை சொல்லு? இப்ப போய் அதைக் கிளறினா யாருக்கு லாபம்? அந்தம்மாவுக்கு நிம்மதி போயிரும். அப்பாவுக்குத் தலை குனிவு. எனக்கு மிஷின் போயிரும். உனக்கு மட்டும் மனசு சுத்தமா இருக்கும். அதுக்காகவா?

சுவிட்சுப் பக்கம் மட்டும் அது போகமாட்டேங்குது. மிஷின் போடுற நேரத்துல திரும்பி நின்னுக்கும். அதுவும் நாளாக நாளாகச் சரியாயிடும்.

லீவு கிடைச்சா வந்து அப்பாவைப் பாரு. வந்தா வாயை மூடிக்கிட்டு வா.

அண்ணன்


மே 27

அண்ணா,

நேற்று நான் வந்தபோது நீ டிரம்முக்குப் புது பிளேடு வாங்கப் போயிருந்தாய். காத்திருந்து உன் முன்னால் சொல்லவே வந்தேன். காத்திருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். நானும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

சாப்பாட்டு இடைவேளை. மிஷின் நின்றிருந்தது. அப்பா நிழலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பட்டன் எல்லாம் ஒழுங்காகப் போட்டு. அதை நீ நன்றாகத்தான் செய்கிறாய். சித்தாளக்கா அவருக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். மற்ற சித்தாள்கள் மணல் குவியலருகே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் மறுபடி சொல்லாமல் போய்விடுவேன் என்று தெரியும். "அக்கா, அன்று பெட்டி மேல் துண்டு இல்லை. அண்ணன் முகம் துடைக்க எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். நீங்கள் பார்த்தது சரி" என்று சொன்னேன். பேசிப் பழகாதவள் மாதிரி, எழுதிவைத்ததைப் படிப்பது போலத்தான் வந்தது.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

 இல்லாத கையால் துண்டை எடுக்கப் போவது மாதிரி அப்பாவின் தோள் அசைந்தது. "தெரியும்மா" என்றார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. என்னிடம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னாரே பாப்பா. எதை மன்னிச்சாரு?"

 மணல் குவியலருகே யாரும் மெல்லவில்லை. அவள் அப்பாவுக்கு மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கம்பத்தருகே போய், சுவிட்சுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்ததிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாதவள் என்று நீ எழுதியிருந்தாய்.

நான் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அப்பா என்னைப் போய் வா என்று சொல்லவில்லை.

என் மனசு மட்டும் சுத்தமாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். இல்லை. மூன்று தடவை வாயை மூடிக்கொண்டிருந்த பிறகு சுத்தம் எங்கிருந்து வரும்? நீ அவளுக்குக் கொடுத்த நிம்மதியை நான் எடுத்துவிட்டேன். அது அவளுடையதல்ல, உன்னுடையது என்றுதான் நான் நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

பரணில் என் புத்தகப் பெட்டி இருக்கிறது. முடிந்தால் லாரியில் போட்டுவிடு. இனி நான் எழுதினால் அது அப்பாவுக்காக இருக்கும்.

தங்கை


ஜூலை 14

புத்தகப் பெட்டியை லாரியில போட்டாச்சு. ரெண்டு நாள்ல வரும். ஒரு பக்கம் கரையான் அரிச்சிருந்துச்சு, அதை எடுத்துட்டுத்தான் கட்டினேன்.

அப்பா சைட்டுக்கு வர்றதில்ல. வீட்டுல இருக்காரு. பட்டன் போட என்னைக் கூப்பிடறதில்ல. பக்கத்து வீட்டு ஆளு வந்து போட்டுவிடுறாரு.

இன்ஜினியருக்கு விஷயம் தெரியும். யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தக் கட்டடம் முடியுற வரைக்கும் மிஷின் இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு.

அந்தம்மா வேலையை விடல. நீ வந்துட்டுப் போன மறுநாளே நேரத்துக்கு வந்துருச்சு. என் கூடப் பேசறதில்ல. ஆனா மிஷினைப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் தலையில இருக்குற சட்டியை இறக்கி வெச்சுட்டு, டிரம்மைச் சுத்தி வந்து உள்ள எட்டிப் பாக்கும். பெட்டியைப் பாக்கும். அப்புறம் என் முன்னால வந்து நின்னு என் தோளைப் பாக்கும். ரெண்டு தோளையும். பாத்துட்டுத் தலையை ஆட்டினாத்தான் மத்தவங்க சட்டியைத் தூக்குறாங்க. கொத்தனாருங்களும் அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. மொதல்ல மேஸ்திரி சிரிச்சாரு. இப்ப யாரும் சிரிக்கிறதில்ல.

நான் துண்டு போடுறதையே விட்டுட்டேன். இருந்தும் பாக்குது.